டீசல் பிக்கப்பில் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகிறது: பெரிய கூலர் போட்டால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: 2002 மாடல் ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பின்னால் 9,500 பவுண்டு டிரெய்லர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது கியர்பாக்ஸ் ஆயில் 235 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 113 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. பெரிய ஆயில் கூலர் போடலாமா, ஆழமான பேன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) மாட்டலாமா, ரேடியேட்டருக்குள் போகும் ஆயிலை அங்கே விடாமல் நேராகக் காற்றுக் கூலருக்குத் திருப்பலாமா?

கூலர் போடலாம். ஆனால் நான் செய்யச் சொல்லும் வேலைகளில் அது நாலாவது. முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேராகக் கூலரில் இறங்குபவர்கள்தான் "இவ்வளவு செலவு செய்தும் பத்து டிகிரிகூடக் குறையவில்லையே" என்று திரும்பி வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் திரும்பி வந்தவன்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். உங்கள் வண்டியில் இருப்பது 4ஆர்100 என்ற நான்கு கியர் பெட்டி, பழைய இ4ஓடியின் வாரிசு. அதில் பல் சக்கரங்கள் உரசி வரும் சூடு சொற்பம். பெரிய பங்கு டார்க் கன்வர்ட்டரில் பிறக்கிறது. கன்வர்ட்டருக்குள் எஞ்சின் பக்கம் ஒரு வேகத்தில் சுழலும், கியர்பாக்ஸ் பக்கம் அதைவிடக் குறைந்த வேகத்தில் சுழலும். நடுவில் இருப்பது ஆயில் மட்டும். அந்த வேக வித்தியாசத்தில் தொலைகிற சக்தி அவ்வளவும் ஆயிலில் சூடாகத் தங்குகிறது.

எவ்வளவு சூடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து சுமார் 7,500 கிலோ. 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 45 மைல் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 100 கிலோவாட் வேண்டும். காற்றுத் தடையும் டயர் உருளும் தடையும் தனி. கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் நழுவி, அதில் பத்தில் ஒரு பங்கு வீணானாலே 10 கிலோவாட். அமெரிக்க வீடுகளில் குளிருக்கு வைக்கும் 1,500 வாட் ஹீட்டர்களில் ஏழு எடுத்து, கியர்பாக்ஸுக்குள் போட்டு எரிய விட்ட மாதிரி. கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொண்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும், இந்தச் சூடு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். பம்ப் சுற்றுவதால் வருவதும் ஆயிலைக் கடைவதால் வருவதும் மட்டும் மிஞ்சும்.

ஆகவே முதல் வேலை: மலையில் ஏறும்போது கன்வர்ட்டர் பூட்டுகிறதா என்று பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு அழுத்து அழுத்துங்கள். வேகம் மாறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் 200, 300 தாவினால் பூட்டவில்லை. வேகத்தோடு ஒட்டியே முள் ஏறினால் பூட்டியிருக்கிறது. மலையில் பூட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பழுதல்ல, ஓட்டும் விதம். ஓவர்டிரைவ் என்ற நான்காவது கியரிலேயே விட்டுவிட்டால் மணிக்கு 60 மைலில் எஞ்சின் 1,700 ஆர்பிஎம் பக்கம் முனகிக்கொண்டு போகும். சுமை கூடினதும் கன்வர்ட்டர் அவிழும், மூன்றாவது கியர் விழும், கொஞ்சம் சமமான சாலை வந்ததும் மறுபடி மேலே போகும். இப்படி மாறி மாறி அவிழ்ந்து பூட்டுவதில்தான் ஆயில் வேகிறது. கியர் கம்பியின் நுனியில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தானை ஏற்றம் தொடங்கும் முன்பே அழுத்திவிடுங்கள். மூன்றாவது கியரில் 60 மைலுக்கு 2,400 ஆர்பிஎம் சுற்றும், கன்வர்ட்டர் பூட்டி நிற்கும், விசிறியும் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும். சத்தம் கூடும், கூடட்டும். டயர் அளவையும் பின் ஆக்ஸில் விகிதத்தையும் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். நான் 3.73 விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தியும் பூட்டவில்லை என்றால் அது கன்வர்ட்டர் கிளட்ச் அல்லது அதை இயக்கும் சோலனாய்டு (மின் வால்வு) பிரச்சினை. கூலர் அதைச் சரிசெய்யாது, கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை, ஆயில் ஓட்டம். என் கதை இங்கேதான் வருகிறது. என்னுடைய பழைய டீசல் பிக்கப்பில் ஒரு பட்டறையில் பெரிய கூலர் போட்டேன். மாட்டின கையோடு மலை ஏறினேன், முன்னைவிட ஐந்து டிகிரி கூடுதல்! ரெண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் முன் பம்பரைக் கழற்றினால், ரப்பர் ஹோஸ் ஒரு முனையில் மடங்கிப்போய் நெரிந்து கிடக்கிறது. புதுக் கூலர் பாவம், அதற்கு வேலை செய்ய ஆயிலே வரவில்லை.

ஓட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கூலர் வழியாக நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆயில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் 10 கிலோவாட் சூட்டை வெளியேற்ற, ஆயில் உள்ளே போனதைவிட சுமார் 45 டிகிரி செல்சியஸ் குறைந்து வெளியே வர வேண்டும். ஓட்டம் பாதியானால் 90 டிகிரி குறைய வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இன்னொன்று, கூலரிலிருந்து திரும்பும் ஆயில் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. உள்ளே இருக்கும் பல் சக்கரத் தொகுதிகளுக்கும் புஷ்களுக்கும் மசகு போடுவதே அந்த ஆயில்தான். ஓட்டம் குறைந்தால் சூடும் ஏறும், மசகும் வற்றும். பெட்டி இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

சோதிப்பது எளிது. 4ஆர்100-இல் முன்பக்க இணைப்பு ஆயில் வெளியேறும் வழி, பின்பக்க இணைப்பு திரும்பும் வழி. திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, ஆயில் சூடாக இருக்கும்போது எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 20 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது பட்டறைகளில் பொதுவாக வைத்திருக்கும் அளவு. அதற்குமேல் எடுத்தால் எங்கோ அடைப்பு. உடன் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய்ச் சாவியைத் திருப்ப முடியாது, கராஜ் தரை முழுக்கச் சிவப்பாகிவிடும். இந்தப் பெட்டி முன்பு ஒருமுறை பழுதாகி மாற்றப்பட்டது என்றால், பழைய கூலருக்குள் கிளட்ச் தூளும் உலோகப் பொடியும் தங்கியிருக்கும். கழுவி எடுக்கலாம் என்பார்கள். நான் நம்ப மாட்டேன், தூக்கிப்போட்டுப் புதிது போடுவேன். திரும்பும் குழாயில் காந்தம் வைத்த சின்ன ஃபில்டர் ஒன்றைச் செருகுவதும் நல்லது. அடைத்துக்கொண்டால் ஆயிலைத் தானே சுற்றிவிடும் பைபாஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, காற்று. முன்னால் ஏர் கண்டிஷனர் கண்டென்சர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இருபது வருடப் புழுதியும் பூச்சியும் ஆயில் கசிவும் சேர்ந்து அந்த இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும், ஏமாறாதீர்கள். பின்னாலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம், சூடேறியதும் விசிறியை எஞ்சினோடு பூட்டும் விசிறிக் கிளட்ச். மலையில் எஞ்சின் சூடேறியதும் லாரி மாதிரி ஒரு உறுமல் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டே பல வருடம் ஆகிறது என்றால் கிளட்ச் ஓய்ந்துவிட்டது. நீங்கள் ஏறுவது 11,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு, எல்லாக் கூலர்களின் திறனும் அதனோடு சேர்ந்து குறையும். அங்கே ஓய்ந்த விசிறியோடு போவது வம்பு.

இவை மூன்றும் சரி என்றால், இப்போது கூலர்.

7.3 வண்டிக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: உங்கள் எஃப்-250 சேர்ந்த அதே சூப்பர் டியூட்டி பிக்கப் வரிசையில் அடுத்து வந்த 6.0 லிட்டர் டீசல் வண்டிக்கு ஃபோர்டே வைத்த காற்றுக் கூலரை எடுத்துப் பொருத்துவது. 2003-இல் தொடங்கி 2007 வரை வந்தவை அவை. டார்க்ஷிஃப்ட் என்ற ஐந்து கியர் பெட்டிக்காகச் செய்த கூலர் அது, ஆயில் ஓடும் வழிகள் 31 வரிசை. உங்கள் வண்டியில் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணனும் குட்டித் தம்பியும் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் பழைய 7.3 வைத்திருப்பவர்கள் வருடக்கணக்காகச் செய்துவரும் மாற்றம் இது. அப்படியே திருகினால் உட்கார்ந்துவிடாது. தாங்கிகளில் ஓட்டை போட்டோ வளைத்தோ பொருத்த வேண்டும், குழாய் முனைகளும் வேறு, வெட்டி இணைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க ஓடிவிடும். பழைய உதிரிபாகக் கிடங்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கழற்றிய கூலர் வாங்காதீர்கள். அது எந்தப் பெட்டியின் தூளைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்?

கடைக் கூலர்தான் வாங்குவேன் என்றால், குழாயை வளைத்து வளைத்துச் செய்த மலிவு வகையை விட்டு, தகடுகளை அடுக்கிச் செய்த வகையை எடுங்கள். அதே அளவு இடத்தில் கூடுதல் சூட்டை விடும், ஓட்டத்தைத் தடுப்பதும் குறைவு. அட்டைப்பெட்டி மேல் "இத்தனை ஆயிரம் பவுண்டு வண்டிக்கு" என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளந்து எழுதும் எண்ணல்ல அது. எந்த ஓட்டத்தில், காற்றுக்கும் ஆயிலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசத்தில், எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்று எழுதியிருந்தால் அதைப் பாருங்கள்.

பொருத்தும்போது சறுக்கும் இடங்கள் சில. கிட்டோடு வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் இதழ்களுக்குள் குத்தி மாட்டவே கூடாது. அதிர்வில் உரசி உரசி ஒருநாள் ஓட்டை போட்டுவிடும். இரும்புத் தாங்கி செய்து சட்டத்தில் திருகுங்கள். கூலரின் வாய்கள் மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழ் நோக்கி இருந்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். ஹோஸ் வாங்கும்போது பெட்ரோல் ஹோஸைத் தலையில் கட்டிவிடுவார்கள். எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட, கியர்பாக்ஸ் கூலருக்கென்றே செய்த ஹோஸ்தான் வேண்டும். ஹோஸ் ஏறும் இரும்புக் குழாயின் நுனியில் சிறு புடைப்பு இருக்க வேண்டும். வெட்டின மொட்டைக் குழாயில் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் ஒருநாள் நழுவும். நழுவினால் 16 லிட்டர் ஆயிலும் நெடுஞ்சாலையில் போக, பெட்டியும் அதோடு போகும். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டினால் தீப்பிடிக்கவும் செய்யும்.

இனி ரேடியேட்டர் கேள்வி. ஃபோர்டு வைத்த வரிசை இது: பெட்டியிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் கூலருக்குப் போகும், பிறகு முன்னால் உள்ள காற்றுக் கூலருக்கு, பிறகு பெட்டிக்குத் திரும்பும். "90 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்குள் ஆயிலை விட்டால் சூடாகத்தானே செய்யும், அதைக் கழற்றிவிடு" என்று பலர் சொல்வார்கள். கன்வர்ட்டர் அவிழ்ந்திருக்கும்போது அதிலிருந்து வெளியே வரும் ஆயில் 130, 140 டிகிரி செல்சியஸிலும் இருக்கும். அதற்கு 90 டிகிரி தண்ணீர் குளிர்ந்த குளம். தவிர, திரவத்திலிருந்து திரவத்துக்குச் சூடு கடத்துவது காற்றுக்குக் கடத்துவதைவிடப் பல மடங்கு வேகம். வண்டி நின்று காற்றே இல்லாதபோதும் அது வேலை செய்யும். கொலராடோவின் ஜனவரியில் அதே தண்ணீர்தான் ஆயிலை இளஞ்சூட்டுக்குக் கொண்டுவரும். காற்றுக் கூலர் மட்டும் இருந்தால் உறைகுளிரில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகி உள்ளேயே நின்றுவிடும், மசகு போகும் வழி வற்றும் என்று மேலே சொன்னேனே, அதே கதை. ஆகவே என் தீர்ப்பு: கழற்றாதீர்கள்.

கழற்றச் சொல்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கூலர் அரித்து ஓட்டையானால் கூலண்டும் ஆயிலும் கலந்து, ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறத்தில் ஒரு கரைசலாகும். கூலண்டில் இருக்கும் கிளைகால் பட்டால் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் பட்டை உரிந்துவிடும். அப்புறம் பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். இதற்கு மருந்து ரேடியேட்டரைத் தவிர்ப்பதல்ல, இருபது வருட ரேடியேட்டரை மாற்றுவது. உங்கள் வண்டியில் இன்னும் கம்பெனி ரேடியேட்டரே இருந்தால், கூலருக்கு வைத்திருக்கும் காசை முதலில் அதில் போடுங்கள்.

ஆழமான அலுமினியப் பேன் பார்க்க அழகு, விலையும் அழகு. அது கூடுதலாகப் பிடிப்பது நாலு லிட்டர் பக்கம். கூலரால் தள்ள முடியாத மிச்சச் சூடு 5 கிலோவாட் என்றால், அந்த நாலு லிட்டர் 20 டிகிரி செல்சியஸ் ஏற அரை நிமிடம் எடுக்கும். அரை நிமிடம்! ஐசன்ஹோவர் ஏற்றம் அரை நிமிடத்தில் முடிவதில்லை. வெளியேறும் சூடு பேனால் கொஞ்சம் கூடும்தான், ஆனால் மலைக்கு அது காணாது. வாங்குவதென்றால் வடிகால் திருகுக்காகவும் சென்சார் மாட்டும் துளைக்காகவும் வாங்குங்கள்.

அளவிடுவது பற்றி. டாஷ்போர்டில் இருக்கும் கம்பெனி முள்ளை நம்ப வேண்டாம், பெரிய வெப்ப இடைவெளி முழுக்க அது நடுவிலேயே நிற்கும். நீங்கள் எண்ணைச் சொல்வதைப் பார்த்தால் ஸ்கேனரில் படிக்கிறீர்கள், நல்லது. அது பேனுக்குள் இருக்கும் சென்சாரின் அளவு. வெளியேறும் குழாயில் சென்சார் வைத்த ஒருவர் 280 ஃபாரன்ஹீட் என்று பதறினால் அவருடைய எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். பேனில் 175 முதல் 200 ஃபாரன்ஹீட் வரை சௌகரியம். மலையில் கொஞ்ச நேரம் 220 போவது பரவாயில்லை. உங்கள் 235 உடனே ஆபத்தில்லை, ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் அங்கே போனால் ஆயில் சீக்கிரம் கருகும், சீல்கள் இறுகும். 250 தாண்டினால் ஓரம் கட்டுங்கள். ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ஆயில் ஆயுள் பாதியாகும் என்று ஒரு அட்டவணை சுற்றுகிறது. அதில் போட்டிருக்கும் மைல் எண்ணிக்கையை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் அது காட்டும் திசை சரிதான்.

ஓரம் கட்டியதும் எஞ்சினை அணைக்காதீர்கள். பார்க்கில் போட்டு 1,000, 1,200 ஆர்பிஎம்மில் ஓடவிட்டால் பம்ப் ஆயிலைக் கூலருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். இது ஃபோர்டுக்கு. அந்தக் காலத்து டாட்ஜ் ராம் கம்மின்ஸ் வண்டியில் உள்ள 47ஆர்இ வகைப் பெட்டிகளில் பார்க்கில் கூலருக்கு ஆயில் போகாது. அவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நியூட்ரலில் வைக்க வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் பார்க்கில் நின்று வேகவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில்: இந்தப் பெட்டிக்கு ஃபோர்டின் மெர்கான் வி தர ஆயில். பெயர் ஒத்துப்போகிறதே என்று மெர்கான் எல்வி ஊற்றிவிடாதீர்கள், அது மெல்லிய ஆயில், பின்னால் வந்த பெட்டிகளுக்கானது. கூலர் மாட்டியதும் பழைய ஆயிலைத் திரும்பும் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி, வெளியே வந்த அளவு புதிது ஊற்றி மாற்றிவிடுங்கள். பெரிய கூலருக்கும் நீள ஹோஸுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் கூடுதலாகப் பிடிக்கலாம். அளவைச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது, பார்க்கில், சமதரையில் டிப்ஸ்டிக்கில் பாருங்கள். முதல் மலை ஏறி இறங்கியதும் எல்லாக் கிளாம்புகளையும் விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இருந்தால் இறுக்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேம்ப் மைதானங்களில் தினமும் பார்ப்பது. மலையில் 200-ஐத் தாண்டாத வண்டி, சரிவான இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றும்போது ஐந்தே நிமிடத்தில் 240 தொடும். ரிவர்ஸில் கன்வர்ட்டர் பூட்டாது, வேகமும் இல்லை, காற்றும் இல்லை, எஞ்சின் மட்டும் இழுக்கும். உங்களுடையது நான்கு சக்கர இழுவை வண்டி என்றால், மண்ணிலோ சரளையிலோ நிற்கும்போது லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர் வரிசை) போட்டு மெதுவாகப் பின்னுக்கு ஏற்றுங்கள். கன்வர்ட்டர் நழுவுவது வெகுவாகக் குறையும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் லோ ரேஞ்சில் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், முன் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.